மாசியில் நாற்று நடலாம்

மாசி பிறந்துவிட்டது. ஆடிப்பட்டம்தான் பட்டம் என்று நினைத்து வீட்டுத்தோட்டக்காரர்கள் பலர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தண்ணீர் வசதி இருந்தால் இதுவும் நல்ல பருவம்தான். சித்திரை வெயில் ஏறுவதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை எல்லாம் நட வேண்டிய இடத்திலேயே விதை ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் அறுந்து சுணங்கிப்போகும். கத்தரி, தக்காளி, மிளகாய்தான் நாற்றுவிட்டு நடுகிறவை.

நாற்றுக்கு வயது முக்கியம். தக்காளிக்கு சுமார் 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாளுக்கு மேல். நர்சரியில் பூவிட்ட நாற்றைக் கண்டால் நமக்கு ஆசை வந்துவிடுகிறது. வாங்காதீர்கள்; அது முற்றின நாற்று. ஐந்தாறு இலையோடு கட்டையாக நிற்பதே நல்லது.

நடுவது சாயங்காலம். முதலில் நாற்றங்காலை நனைத்துவிட்டு, ஒட்டிய மண் உதிராமல் நாற்றைக் கிளப்புங்கள். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போச்சு. தக்காளியை மட்டும் கொஞ்சம் ஆழமாகவே புதைக்கலாம். மண்ணுக்குள் போன தண்டிலும் அது வேர்விடும்.

இரண்டு மூன்று நாளைக்குத் தென்னங்கீற்று நிழல் போதும். நட்டவுடன் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.