தோட்டம் கலைந்தது, வாக்கும் கலைந்தது



இந்த மாநாட்டுக்காகச் சுங்கை சோவில் கூடியிருக்கிறோம். 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி பிடிபட்டது, பக்கத்திலிருக்கும் ரவாங் வட்டாரத்தில்தான். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கோலசிலாங்கூர்வரை பரவியது. இடதுசாரி அரசியல் நம்மவருக்குப் புதிதன்று. பிறகு ஏன் மலேசிய சோசலிசக் கட்சிக்கு வாக்கு விழுவதில்லை?

2008-இல் சுங்கை சிப்புட்டில் அக்கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், 1974 முதல் அத்தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 1,821 வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தினார். கட்சி 1998-இலேயே தொடங்கப்பட்டும் அப்போது பதிவு கிடைத்திருக்கவில்லை. அதனால் கெஅடிலான் கட்சியின் சின்னத்தில் நின்றார். 2013-இலும் அதே சின்னம், அதே வெற்றி. 2018-இல் சொந்தச் சின்னமான கைமுட்டியோடு நின்றார். கிடைத்தது 1,505 வாக்கு; வைப்புத்தொகையும் போனது. பத்தாண்டு காலம் மக்களுக்காக ஓடியோடி உழைத்த அதே மருத்துவர்!

வாக்காளர் நன்றி மறந்தார் என்று சிலர் கசந்து பேசுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அந்தத் தேர்தலில் மக்கள் பிரதமர் நஜிப்பின் அரசை இறக்க நினைத்தார்கள். அதை இறக்கக்கூடிய சின்னத்துக்கு வாக்களித்தார்கள். இனவாரி அரசியலில் வர்க்கம் பேசினால் எடுபடாது என்பது இன்னொரு விளக்கம். உண்மைதான், ஆனால் போதாது.

மீதிக் காரணம் நம் தோட்டங்களில் இருக்கிறது. நிலம் கைமாறும், வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வரும். லயத்து மக்கள் இக்கட்சித் தோழர்களைக் கூப்பிடுவார்கள். தோழர்கள் கூட்டம் போட்டு, மனு எழுதி, நீதிமன்றப் படியேறி, இழப்பீடோ மாற்று வீடோ கிடைக்கும்வரை கூடவே நிற்பார்கள். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டத்தார் வீட்டுக்காகப் பட்ட பாடு இவ்வட்டாரம் அறிந்தது. ஆனால் போராட்டம் முடியும்போது தோட்டமே இருப்பதில்லை. ஒரு குடும்பம் ரவாங் அடுக்குமாடிக்குப் போகும், ஒன்று பத்தாங் காலிக்கு, இன்னொன்று கிள்ளானுக்கு. ஒரே லயத்தில் இருந்த வாக்குகள் பல தொகுதிகளில் கரைந்துவிடும். இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். சுரண்டல் அவர்கள்மீது, வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. தொழிலாளர் பெயரால் நிற்கும் கட்சிக்கு இதைவிடப் பெரிய இடி ஏது?

தேர்தல் விதிகளும் சிறிய கட்சிக்குத் தடைதான். நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அது திரும்பாது. சிறிய கட்சி ஏறிவர வேண்டிய ஏணியான ஊராட்சி மன்றத் தேர்தலோ 1965-இல் நிறுத்தப்பட்டது. தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன் ஜார்ஜ்டவுன் மேயரானது அந்த ஏணியில்தான். அதே ஏணியில்தான் பிரேசில் தொழிலாளர் கட்சியும் ஏறியது: 1988-இல் போர்ட்டோ அலெக்ரே நகராட்சியைப் பிடித்து நிர்வாகம் நடத்திக் காட்டியது. 2002-இல் அதிபர் பதவியை வென்றது. இங்கே அதற்கு வழியே இல்லை.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தை விட்டுப்போன குடும்பங்கள் எங்கே குடியேறின, எந்தத் தொகுதியில் வாக்களிக்கின்றன என்று வீடுவீடாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊராட்சி மன்றத் தேர்தலை மீண்டும் நடத்தக் கோருவதை இம்மாநாட்டின் முதல் தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள்.