பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டுச் சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்

(மலேசியாவின் பண்டார் தெங்காராவில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

முன்வரிசை காலியாக இருந்தும் பின்சுவரை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் அப்பாமார்களே!

அழைப்பிதழில் "மாணவர் நலம்" என்று போட்டிருக்கிறார்கள். பாலியல் கல்வி என்று போட்டால் கூட்டம் வராது என்று ஏற்பாட்டாளர்களுக்குப் பயம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்று அதை இந்த மேடையில் நிறுத்தி நான்கு கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

"இதையெல்லாம் பள்ளியில் சொல்லிக் கொடுக்கலாமா?" என்று இன்னும் விவாதம் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஐயா, அந்த முடிவு எப்போதோ எடுத்தாயிற்று! 1989-இலேயே இந்த நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் குடும்ப நலக்கல்வி நுழைந்துவிட்டது. அதன்பின் ஆரம்பப்பள்ளிக்கும் வந்தது. இன்று கல்வி அமைச்சு அதற்கு 'பீயர்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. இனப்பெருக்க நலமும் சமூக நலமும் சேர்ந்த கல்வி. தமிழ்ப்பள்ளியில் உங்கள் பிள்ளை தூக்கிச் செல்லும் பையில் நலக்கல்விப் புத்தகம் இருக்கிறது. பாதுகாப்பான தொடுதல் எது, பாதுகாப்பற்ற தொடுதல் எது, பருவம் வந்தால் உடம்பில் என்ன மாறும் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கிறது.

பாடம் இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரமும் இருக்கிறது. பிறகு என்னதான் இல்லை? அந்தப் பக்கத்தைத் திறக்க நமக்கு மனம் இல்லை!

அந்த அரை மணி நேரம் என்ன ஆகிறது? விளையாட்டுப் போட்டி நெருங்கினால் திடலுக்குப் போகிறது. கணிதப் பாடம் முடியவில்லை என்றால் கணிதத்துக்குப் போகிறது. எங்கும் போகாமல் வகுப்பிலேயே நின்றாலும், அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் தாண்டிவிடுகிறார். ஏன் தாண்டுகிறார்? நடத்தினால் மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரு பெற்றோர் நிற்பார்: "என் மகளுக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள்?" இப்படி நிற்கும் நாம், பாடம் நடத்தாத ஆசிரியரிடம் ஒரு நாளாவது போய், "ஏன் நடத்தவில்லை?" என்று கேட்டிருக்கிறோமா?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு இந்த நாடு தலைகுனிந்தது. ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரன் பல ஆண்டுகள் மலேசியாவில் தங்கி, ஏழைக் குடும்பங்களோடு ஒட்டி உறவாடி, பிள்ளைகளைச் சீரழித்தான். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. அவனைப் பிடித்துக் கொடுத்தது யார்? வெளிநாட்டுப் புலனாய்வு! குற்றம் நடந்தது நம் மண்ணில். கைது நடந்தது இங்கிலாந்து விமான நிலையத்தில்.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தில் பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், 2017 நிறைவேறியது. பெற்றோர்களே, இந்தச் சட்டத்தில் மூன்று செய்திகளை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: பிள்ளையைத் தகாத நோக்கத்தோடு தொட்டால் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அந்த ஆள் பெற்றவரோ உறவினரோ ஆசிரியரோ ஆக இருந்து, பிள்ளையின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தால், அதற்கு மேல் கூடுதல் தண்டனையும் உண்டு. குற்றவாளி வேலிக்கு வெளியிலிருந்துதான் வருவான் என்று சட்டமே நம்பவில்லை. நாம் மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது: குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் நிலையத்தில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது நடந்துவிட்டால் நான்கு பெரியவர்கள் கூடுவார்கள். "பெண்பிள்ளை வாழ்க்கை, வெளியே தெரிந்தால் அசிங்கம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த நான்கு பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் மானத்தைக் காப்பாற்றவில்லை, புகார் செய்யாமல் இருக்கும் குற்றத்தைச் செய்கிறீர்கள்!

மூன்றாவதுதான் முக்கியம். வேறு சாட்சி இல்லாவிட்டாலும், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் தண்டனை கொடுக்கலாம். எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு பிள்ளையின் சொல்லுக்கு இவ்வளவு பெரிய பலத்தைச் சட்டம் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைப் பிள்ளைக்குக் கொடுத்தோமா? கண், காது, மூக்கு, முழங்கால் வரை பேர் சொல்லிக் கொடுத்த நாம், மூன்று உறுப்புகளுக்கு மட்டும் "ஷேம் ஷேம்" என்று ஒரே பேரை வைத்துவிட்டோம். எங்கே தொட்டான் என்று காவல்துறை அதிகாரி கேட்கும்போது பிள்ளை என்ன சொல்லும்? "ஷேம் ஷேம்" என்று சொல்லி அழும். அதற்கு மேல் சொல்ல அதற்குத் தெரியாது. வெட்கப்பட வேண்டியவன் எவனோ. வெட்கத்தைப் பிள்ளையின் உடம்பில் ஒட்டியது நாம்!

"ஐயா, இது நம் பண்பாடு இல்லையே" என்று ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பண்பாட்டைப் பற்றியே பேசுவோம். வீட்டில் பெண் வயதுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? மண்டபம் பிடிக்கிறோம். அழைப்பிதழ் அடிக்கிறோம். பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட்டு வாசலில் கட்டுகிறோம். தாய்மாமன் சீர் வரிசைத் தட்டோடு வருகிறார், புகைப்படக்காரர் வருகிறார், வகுப்பில் கூடப் படிக்கும் பையன்கள்கூடக் கோழிப் பிரியாணி சாப்பிட வருகிறார்கள். மேடையில் பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினோரு வயதுப் பிள்ளையிடம், "உன் உடம்பில் என்னம்மா நடந்தது, ஏன் நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. "தீட்டு, சாமி அறைக்குப் போகாதே" என்பது மட்டும் தெரியும். ஊருக்கே அறிவித்த செய்தியை அந்தப் பிள்ளைக்கு மட்டும் மறைத்துவிட்டோம்! ஐந்நூறு பேருக்குச் சோறு போட வெட்கமில்லாத வீட்டுக்கு, ஐந்து நிமிடம் விளக்கம் சொல்ல மட்டும் வெட்கம் எங்கிருந்து வருகிறது?

அடுத்து, "சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பார்கள். சாலை விதியைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை செம்பனை லாரிக்கு முன்னால் போய் நிற்கும் என்று யாராவது சொல்வோமா? பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: இந்தக் கல்வி பிள்ளைகளைத் தவறான பழக்கத்துக்குத் தூண்டவில்லை, முறையாகக் கற்றவர்கள் பொறுத்திருக்கவும் பாதுகாப்பாக நடந்துகொள்ளவும் கற்கிறார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் எல்லா ஆரம்பப்பள்ளிகளிலும் உறவுக் கல்வி கட்டாயம்.

நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளை தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுமா? வாய் மூடியிருக்கும் வீட்டில் கைப்பேசி பேசிக்கொண்டேதான் இருக்கிறது. ஆசிரியர் தாண்டிய பக்கத்தை இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் யாரோ முகம் தெரியாதவன் நடத்துகிறான். அவனுக்குப் பாடத்திட்டமும் கிடையாது, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கிடையாது.

ஆண்பிள்ளை பெற்றவர்கள், "நல்லவேளை, நமக்கு இந்தக் கவலை இல்லை" என்று சாய்ந்து உட்காராதீர்கள். இந்த நாட்டில் 16 வயதுக்குக் குறைந்த பெண்ணின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. "அவளும் விரும்பித்தான் வந்தாள்" என்று உங்கள் 18 வயது மகன் சொன்னாலும் அது கற்பழிப்புக் குற்றம்தான். 20 ஆண்டு வரை சிறை. இதை எத்தனை தகப்பன் எத்தனை மகனிடம் சொல்லியிருக்கிறீர்கள்? மாதவிலக்குப் பாடம் வந்தால் பையன்களை வெளியே அனுப்புகிறோம். வெளியே போனவன் எதைக் கற்றான்? அது கேலிக்குரிய விஷயம் என்று கற்றான்! ஆண்பிள்ளையும் தொல்லைக்கு ஆளாகிறான் என்பதை மறக்காதீர்கள். அவன் வந்து சொன்னால், "ஆம்பிளை அழலாமா?" என்று விரட்டுகிறோம்.

2021-ஆம் ஆண்டு ஒரு 17 வயது மாணவி, வகுப்பில் ஆசிரியர் கற்பழிப்பைப் பற்றி நகைச்சுவையாகப் பேசினார் என்று டிக்டாக்கில் சொன்னாள். பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குங்கள் என்று கேட்டாள். அதே ஆண்டு, மாதவிலக்கா என்று பள்ளிகளில் தங்களைச் சோதித்துப் பார்த்த கொடுமையைப் பெண்கள் பலர் வெளியே சொன்னார்கள். பெரியவர்கள் பலர் என்ன கேட்டார்கள்? "இதை ஏன் வெளியே சொன்னாய்?" என்று! அந்தப் பிள்ளைகளுக்கு வாய் இருந்தது; நமக்குத்தான் காது இல்லை.

"அம்மா சொல்லிக் கொடுக்கட்டும்" என்பார்கள். சரி, சொல்லட்டும். ஆனால் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எல்லாப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் பண்பாடு என்றால், அந்தப் பண்பாட்டில் அப்பாவுக்கு வேலையே இல்லையா?

இந்த ஊரையே பாருங்கள். 1972-இல் கெஜோரா வளர்ச்சி வாரியம் அமைந்த பிறகு காடாக இருந்த வட்டாரம் செம்பனையாகி, பள்ளியும் கடையுமாக ஊராகிவிட்டது. வீட்டுக்குள் பேசும் பேச்சு மட்டும் மாறாமல் இருக்கலாமா? 2027-இல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் வருகிறது. வந்து என்ன? பக்கத்தைத் தாண்டும் கை மாறாவிட்டால் புதிய புத்தகத்திலும் அதே பக்கம்தான் தாண்டப்படும்.

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று: நலக்கல்வியின் அரை மணி நேரம் வேறு எதற்கும் போகாது என்று ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுத்தில் கேட்க வேண்டும், அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் மீது புகார் வந்தால் சங்கமே முன்னால் நிற்க வேண்டும். இரண்டு: ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். மூன்று: பிள்ளை சார்ந்த குற்றம் எதுவும் இனி இந்த வட்டாரத்தில் திண்ணையில் பேசித் தீர்க்கப்படாது, காவல் நிலையத்துக்குப் போகும். உதவி கேட்க 'தாலியான் காசே' தொலைபேசிச் சேவையின் எண் 15999. கைப்பேசியை இப்போதே எடுத்துப் பதிந்துகொள்ளுங்கள்.

ஏற்பவர்கள் கை தூக்குங்கள். பின்சுவர் ஓரத்து அப்பாமார்களே, உங்களைத்தான் முதலில் எண்ணப் போகிறேன்!