பட்டறையும் பயிற்சியும்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளையை வெல்டிங் பட்டறையில் விட்டுவிடுகிறோம். முகக்கவசமின்றி அவன் அவ்வொளியை நோக்குகிறான். அதன் புற ஊதாக் கதிர்கள் விழியைச் சுடுகின்றன. வலியோ சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், தொடங்குகிறது. தாய்ப்பால் விடும் கைவைத்தியம் வேண்டா. கண் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தொழிற்பயிற்சி நிலையமாகிய ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி ஓராண்டே. 14 வயது நிரம்பி, எட்டாம் வகுப்புத் தேறியோர் சேரலாம், பெண்மக்களும் சேரலாம். கண்ணைக் காக்கும் முறையும் அங்கே பாடமாகும். பட்டறையில் பழகியவனுக்குக் கைத்திறன் உண்டு, சான்று இல்லை. ஐ.டி.ஐ. தரும் தேசியத் தொழிற்சான்றிதழோ பாரதமெங்கும் செல்லும். அதைக் கொண்டு 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநராக விண்ணப்பிக்கலாம்.

பள்ளித் தேர்வு முடிவுகளுக்குப் பின் சேர்க்கை தொடங்கும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதோர் நம் சங்கத்திற்கு வருக. நாமே நிரப்பித் தருவோம்.