அகன்ற வரியும் ஒடுங்கிய தாளும்

கணினித் திரை ஒரே வேளையில் 24 அல்லது 25 வரிகளையே காட்டிய காலம் ஒன்றிருந்தது. நீண்ட நிரலொன்றிற் பிழை தேடியவர், அதனைத் தாளில் அச்சிட்டு, மேசைமீது விரித்து, பென்சிலும் கையுமாய் வாசித்தார்.

1980ஆம் ஆண்டில் வெளிவந்த எப்சன் எம்.எக்ஸ்.-80 என்னும் புள்ளி அச்சுப்பொறி, 9 ஊசிகளால் மைநாடாவைத் தட்டி எழுத்துக்களை உருவாக்கியது. வரியொன்றில் அடங்கியவை 80 எழுத்துக்களே. நிரலின் வரி அதனினும் நீண்டால், எஞ்சிய பகுதி அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து விழும். எந்தக் கட்டளை எதனுள் அடங்கியது என்பதைக் காட்டும் இடைவெளி ஒழுங்கு குலையும். பிழை தேடுபவர் தடுமாறுவார்.

பெரிய பொறி வாங்காமலே இதற்குப் பரிகாரம் உண்டு. 15 என்னும் குறியீட்டெண்ணை முதலில் அனுப்பினால், எழுத்துக்கள் ஒடுங்கி, அதே தாளில் வரிக்கு 132 எழுத்துக்கள் அமையும். பெருங்கணினிக் கூடங்களிலே அகன்ற தாளில் அச்சான வரியின் வழக்கமான அளவும் அதுவே. கண்ணுக்குச் சிரமந்தான், ஆயினும் வரி முறிவதில்லை. வேலை முடிந்ததும் 18ஐ அனுப்ப மறத்தலாகாது. மறந்தால், அடுத்து அச்சாகும் கடிதமும் பொடியெழுத்திலேயே வரும்.

வரியை முறியாமற் காண்பவருக்கே பிழை எளிதிற் புலப்படும். அதற்காகக் கண் சிறிது வருந்தினும் தகும்.