பீரங்கி எந்தத் திசையில், யார் கையில்?

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



பீரங்கிப் படை உலகெங்கும் உருமாறி வருகிறது. லாரிமீது பொருத்தியும், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டும் கொண்டுசெல்லத்தக்க பீரங்கிகளை வல்லரசுகள் பெருக்குகின்றன. எதிரியின் டிரோன் கண்டறியுமுன் சுட்டுவிட்டு இடம்பெயர வேண்டும் என்பது ஒரு காரணம். கடல் கடந்து விரைந்து படையிறக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது தற்காப்புக்கும் உரியது. இரண்டாவது ஏகாதிபத்தியத்தின் தேவை.

2016 நவம்பரில் மோடி அரசு அமெரிக்காவிடமிருந்து 145 எம்-777 இலகுரகப் பீரங்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. இமயமலை எல்லைக்கு இலகுவான பீரங்கி தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில்தான், இரு நாட்டுப் படைகளும் ஒன்றின் தளத்தில் மற்றொன்று எரிபொருளும் பழுதுபார்ப்பு வசதியும் பெறுவதற்கான 'லெமோவா' ஒப்பந்தமும் கையெழுத்தானது. மலைக்காக வாங்கிய பீரங்கி நாளை எவருடைய போருக்காகக் கப்பலேறும் என்று கேட்பது நமது கடமை.

இக்கேள்வி புதிதன்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களை மெசபடோமியாவுக்கு அனுப்பினர். 1916-ல் குட் நகர் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. தமிழ் மக்களும் பெருந்துயருற்றனர். அயல் மண்ணில் படை நுழைவது எளிது, மீள்வது அரிது.

இனி நம் வாசலுக்கு வருவோம். பினாகா ராக்கெட் ஏவுகலத்தைச் சுமப்பது பொதுத்துறை நிறுவனமான பெமல் தயாரிக்கும் டாட்ரா வாகனம். அந்நிறுவனத்தின் ஆலையொன்று 2010 முதல் நமது கஞ்சிக்கோட்டில் இயங்குகிறது. 2021 ஜனவரியில் ஒன்றிய அரசு பெமலின் 26 சதவீதப் பங்குகளை நிர்வாகப் பொறுப்புடன் தனியாருக்கு விற்க விருப்பம் கோரியது. கஞ்சிக்கோடு தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். அதே ஆண்டில்தான் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகக் கூறுபோடப்பட்டன; பாதுகாப்புத் துறையில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது.

'தற்சார்பு' என்று முழங்குவோர்தாம் தற்சார்பின் சக்கரங்களை விற்கத் துணிகின்றனர். தனியார் முதலாளிக்குப் போர் ஒரு சந்தை. சந்தை சுருங்குவதை அவர் விரும்பமாட்டார். பொதுத்துறையையேனும் நாடாளுமன்றத்திலும் ஆலை வாயிலிலும் நின்று மக்கள் கேள்வி கேட்கலாம்.

எனவே, பொதுத்துறைப் பாதுகாப்பும் சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள். கஞ்சிக்கோடு தொழிலாளியின் இக்கோரிக்கையை மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர் லயங்களிலும் தமிழில் எடுத்துரைப்போம்.