பால்வெட்டில் பழைய வழக்கமும் நம் கேள்வியும்

(மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பிரட்டு முடிந்து நிரையில் இறங்கிக் கத்தியை எடுக்கும் நாம், ஏன் இப்படி வெட்டுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதுண்டா? "அப்பா இப்படித்தான் வெட்டினார், கங்காணி இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்" என்பதே பெரும்பாலும் நமது விடை.

பிரேசில் காடுகளில் பால் எடுத்தவர்களும் அவ்வாறே விடையிறுத்திருப்பர். அவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். வெட்டு கட்டை வரை இறங்கியது. பட்டை முண்டும் முடிச்சுமாயிற்று. இவ்வழக்கத்தை மாற்றியவர், 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. சாய்வாக ஒரு கோடு வெட்டி, அடுத்த முறை அதே கோட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் எடுத்தார். பால் குறையவில்லை, கூடிற்று! காப்பியை நம்பியிருந்த தோட்ட முதலாளிகளோ அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என நகைத்தனர். (காப்பி விலை வீழ்ந்தபின் அவர்களும் ரப்பருக்கு மாறினர், ரிட்லி நூறு வயது கண்டு 1956இல் மறைந்தார்.) அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் நம் மலாக்காவின் தான் சாய் யான். 1896இல் அவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டதே இந்நாட்டில் வாணிபத்திற்கென எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம்.

பழையன யாவும் பிழையல்ல. விடியலில் வெட்டுவதற்குத் தக்க காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைவழி நீர் வெளியேறிப் பால்குழாய்களின் அழுத்தம் தளரும், பாலும் குறையும்.

ஆனால், "ஆழ வெட்டினால் பால் கூடும்" என்பது பாதி உண்மையே. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் நெருங்கியுள்ளன, மெய்தான். எனினும் அவற்றை அடுத்தே, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் உள்ளது. ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்காமல் கத்தி அதைத் தொடுமாயின், கோடரி செய்த தீங்கையே நாமும் செய்தவராவோம். எடைக்குக் கூலி பெறுவோர் கை ஆழம் தேடுவது இயல்பு. அதை நாம் குற்றமெனக் கூறவில்லை. ஆயினும் சில ஆண்டுகள் கழித்து அம்மறுபட்டையை வெட்டும்போது, கத்தி முடிச்சில் தட்டும். பால் வழிமாறி மங்கில் விழாது தரையில் சிந்தும். அன்று எடை குறைவதும் நமக்கே.

ஓய்வின்றி வெட்டுவதும் அத்தகையதே. மிகையாக வெட்டிய மரத்தின் பட்டை பழுப்பேறி வறண்டுவிடும். ஆதலால் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையும், மூன்று நாளுக்கொருமுறை வெட்டி ஊக்கி மருந்து பூசும் முறையும் வந்தன. எந்த முறை என்று முடிவு செய்வது நிர்வாகம். ஆனால் வறளும் மரத்தை முதலில் காண்பவர் வெட்டுபவரே. அன்றே அதைக் கங்காணியிடம் தெரிவிக்கலாம்.

நாளை நிரைக்குச் செல்கையில், முன்பு வெட்டிய பட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். முடிச்சு தட்டுப்பட்டால், ஆழம் அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கி, அன்றைய வெட்டை அளந்து பாருங்கள்.