பன்னமும் கணனியும்

மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனைப் பூங்காவிலே பன்னச் செடிகளுக்கென நிழலடர்ந்த ஓரிடம் உண்டு. அங்குள்ள இலைகள் பலவற்றில் ஒவ்வொரு சிறு கூறும் முழு இலையின் வடிவையே ஒத்திருத்தல் காணலாம். இத்தகைய உருவங்களுக்கு 1975இல் மண்டல்புரோ என்னும் கணித அறிஞர் 'பிராக்டல்' எனப் பெயரிட்டார்.

பான்ஸ்லி என்பார் 1988இல் வெளியிட்ட நூலிலே, நான்கே விதிகளால் பன்ன இலையை வரையும் முறையைக் கூறினார். ஒரு புள்ளியை எடுத்து, குலுக்கலிலே வந்த விதிப்படி நகர்த்திக் குறிக்கவேண்டும். நூற்றுக்கு 85 முறை ஒரே விதி வரும். தண்டுக்குரிய விதியோ ஒரு முறையே. பல்லாயிரந் தடவை இவ்வாறு செய்ய, இலை மெல்ல உருப்பெறும்.

புதிய கணனிமொழி பயிலும் மாணவனுக்கு இதனினும் நேர்மையான ஆசான் அரிது. ஓர் எண் பிழைத்தாலும் இலை உருக்குலையும். சொற்களை மனனஞ் செய்தவன் யார், பொருளுணர்ந்தவன் யார் என்பதைத் திரையே காட்டிவிடும்.